டைட்டிலில் கையெழுத்து போட்டுவிட்டால் கார் கைமாறிவிடுமா?

அமெரிக்காவில் பழைய காரை விற்கப் போகிறேன் என்று நண்பர்களிடம் சொல்லிப் பாருங்கள். "டைட்டிலை எடு, ஒரு கையெழுத்தைப் போடு, பணத்தை வாங்கு, சாவியைக் கொடு, முடிஞ்சுது" என்பார் ஒருவர். "ஐயோ, நோட்டரி முன்னாடி இல்லாம கையெழுத்தே போட்டுடாதே" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "வாங்குகிறவர் பெயரையும் தேதியையும் காலியா விட்டுடு, அவங்க பார்த்துப்பாங்க" என்பார். முதல் இருவரும் தங்கள் மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறார்கள், அதனால் இருவர் சொல்வதும் பாதி சரி. மூன்றாமவர் சொல்வதை மட்டும் எந்த மாநிலத்திலும் செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் நண்பர் ஒருவர். காரை விற்றார், பணம் வாங்கினார், டைட்டிலில் எல்லா இடத்திலும் ஒழுங்காக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சில மாதம் கழித்து, அவர் போகவே போகாத சாலைகளின் டோல் பில்கள் ஒவ்வொன்றாக அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. அவர் போட்ட கையெழுத்தில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் கையெழுத்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. யோசனை சொன்ன எங்களுக்கும் அப்போது தெரியாது.

டைட்டில் என்றால் எந்தத் தாள்?

ஊரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். வீட்டு வரி ரசீது உங்கள் பெயரில் இருக்கலாம், மின் இணைப்பும் உங்கள் பெயரில் இருக்கலாம், ஆனால் வீடு யாருடையது என்ற கேள்வி வந்தால் எடுத்துக் காட்ட வேண்டியது பத்திரத்தை. காருக்கும் அப்படித்தான். வருடா வருடமோ சில மாநிலங்களில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையோ பணம் கட்டிப் புதுப்பிக்கிறோமே, அந்த ரெஜிஸ்ட்ரேஷன், வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதி. டைட்டில் என்பது, இந்தக் கார் இன்னாருக்குச் சொந்தம் என்று மாநிலம் எழுதித் தரும் சான்றிதழ்.

இந்தியாவில் ஆர்.சி. என்ற ஒரே ஆவணத்தை வைத்தே எல்லாவற்றையும் பார்த்துப் பழகிவிட்டோம். அதனால் நம்மவர்கள் பலர் காருக்குள் வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் தாளையே டைட்டில் என்று நினைத்துக்கொண்டு, வாங்குகிறவர் வந்து நிற்கும்போது தேட ஆரம்பிக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் காரிலேயே இருக்க வேண்டிய தாள். டைட்டில் காரில் இருக்கவே கூடாத தாள், ஏனென்றால் வண்டி திருடு போனால் பத்திரமும் சேர்ந்து போய்விடும். வீட்டில் பாஸ்போர்ட் இருக்கும் இடத்தில் அதையும் வையுங்கள். (கலிபோர்னியாக்காரர்கள் சிலர் இதை இன்னும் "பிங்க் ஸ்லிப்" என்பார்கள். ஒரு காலத்தில் அங்கே அது ரோஸ் நிறத் தாளில் வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர்.)

டைட்டிலை மத்திய அரசு தருவதில்லை, ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. கலிபோர்னியாவில் டிஎம்வி எனப்படும் மோட்டார் வாகனத் துறை, இல்லினாயிலும் மிச்சிகனிலும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம், டெக்சாஸில் விண்ணப்பத்தைக் கொடுப்பது கவுண்டி வரி அலுவலகத்தில், ஒஹையோவில் கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் டைட்டில் அலுவலகத்தில். நண்பர்கள் சொல்லும் யோசனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். இங்கே எல்லாவற்றையும் சேர்த்து டிஎம்வி என்றே சொல்லிவிடுகிறேன்.

தாளில் உரிமையாளர் பெயர், காரின் தயாரிப்பு, மாடல் ஆண்டு, கூடவே வின் எண் இருக்கும். வின் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகக் கொடுக்கப்படும் அடையாள எண், 1981 மாடலிலிருந்து எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள். அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்றையும் பூஜ்யத்தையும் போலத் தெரிந்து குழப்பும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஆக, வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம்தான். விற்கும் முன் டைட்டிலில் இருக்கும் எண்ணையும், முன்கண்ணாடிக்குக் கீழே டாஷ்போர்டில் தெரியும் எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இதுவரை: ரெஜிஸ்ட்ரேஷன் ஓட்டுவதற்கு, டைட்டில் உரிமைக்கு. டைட்டிலைத் தருவது மாநிலம், விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கடன் இருந்தால் உங்கள் கார் முழுக்க உங்களுடையது இல்லை

நகையை வங்கியில் அடகு வைத்திருக்கிறோம். நகை நம்முடையதுதான். ஆனால் கடனை அடைத்து மீட்காமல் அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. கார் கடனில் இதற்கு லீன் என்று பெயர்: கடன் கொடுத்தவருக்குக் காரின் மேல் இருக்கும் உரிமைப் பிடி. நகை வங்கியின் லாக்கரில் இருக்கும், காரோ உங்களிடமே ஓடிக்கொண்டிருக்கும், அதனால் அந்தப் பிடி டைட்டிலின் மேல் எழுதப்படுகிறது. பல மாநிலங்களில் கடன் முடியும்வரை டைட்டில் உங்கள் கைக்கே வராது, வங்கியிடம் இருக்கும், அல்லது தாளே அச்சாகாமல் மாநிலத்தின் கணினியில் மின்னணுப் பதிவாக இருக்கும்.

இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கடைசித் தவணையைக் கட்டிய அன்றே எல்லாம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். கடன் தீர்ந்தது, சரி. ஆனால் வங்கி அதைத் தெரிவித்து லீனை விடுவிக்க வேண்டும், டைட்டில் தாள் அச்சாகி வர வேண்டும், மின்னணுப் பதிவாக இருந்தால் தாள் வேண்டும் என்று நீங்களே கேட்க வேண்டியும் வரலாம். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும். சனிக்கிழமை காரை விற்கிறேன் என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை இதைக் கண்டுபிடிப்பது பெரிய அவஸ்தை. கடன் தீர்ந்ததற்கு வங்கி கொடுக்கும் லீன் விடுவிப்புக் கடிதத்தைத் தொலைக்காதீர்கள். பல வருடம் முன்பே அடைத்த கடன் டைட்டிலில் மட்டும் அழியாமல் நிற்பதுண்டு, அப்போது உங்களுக்கு இருக்கும் ஒரே துணை அந்தக் கடிதம்.

கடன் பாக்கி இருக்கும்போதே விற்கவும் வழி இருக்கிறது. முழுதாக அடைக்க எவ்வளவு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். தினமும் வட்டி ஏறுவதால் அந்தத் தொகை ஒரு குறிப்பிட்ட தேதிவரைதான் செல்லும். வாங்குபவருடன் அந்த வங்கிக் கிளைக்கே போய்ப் பணத்தைக் கட்டவைப்பது நல்லது. டீலரிடம் விற்றால் இந்த வேலையை அவர்களே செய்துவிடுவார்கள்.

பத்திரம் வேறு, பட்டா வேறு

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருவோம், என் நண்பர் மாட்டிக்கொண்டதும் இங்கேதான்.

நிலம் வாங்கியவர்களிடம் ஊரில் கேட்பார்கள்: "பத்திரம் பதிஞ்சாச்சு, சரி, பட்டா மாத்தியாச்சா?" பத்திரம், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் உரிமை கைமாறியதைச் சொல்கிறது. பட்டா, வருவாய்த் துறையின் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. பத்திரம் வாங்கியவர் பெயரிலும், பட்டா பழையவர் பெயரிலும் வருடக்கணக்காக நின்ற எத்தனையோ நிலங்களை நாம் பார்த்திருக்கிறோம்.

கார் விற்பனையிலும் இப்படி இரண்டு தனித்தனி நிகழ்வுகள் இருக்கின்றன. டைட்டிலில் நீங்கள் கையெழுத்து போடுவது முதல் நிகழ்வு. அது, "இந்தக் காரின் மேல் எனக்கிருந்த உரிமையை இன்னாருக்கு இந்தத் தேதியில் கொடுத்துவிட்டேன்" என்று அந்தத் தாளின் மேலேயே நீங்கள் எழுதிக் கொடுப்பது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வாங்கியவர் டிஎம்விக்குப் போய், வரியும் கட்டணமும் கட்டி, தன் பெயரில் புது டைட்டில் வாங்குவது இரண்டாவது நிகழ்வு. இரண்டாவது நடக்கும்வரை மாநிலத்தின் கணினியில் அந்தக் கார் உங்கள் பெயரில்தான் இருக்கும். நீங்கள் போட்ட கையெழுத்து வாங்கியவரின் மேஜை இழுப்பறையில் இருக்கிறது, அதை யாரும் கணினிக்குச் சொல்லவில்லை.

டோல் சாலையின் கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தால் யார் பெயரைத் தேடும்? பார்க்கிங் டிக்கெட் யாருக்குப் போகும்? நடுரோட்டில் கைவிடப்பட்ட வண்டியை இழுத்துக்கொண்டு போனால் கட்டணத்துக்கு யாரைக் கேட்பார்கள்? எல்லோரும் முதலில் பார்ப்பது அந்தக் கணினியை. என் நண்பரின் காரை வாங்கியவர் டைட்டிலை மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார், பிளேட்டும் பழையதே. அவ்வளவுதான் நடந்தது. பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் விற்றதற்கான ஆதாரத்தை அனுப்பி அனுப்பி மனுஷன் நொந்துபோய்விட்டார்.

வாங்கியவர் போவாரா மாட்டாரா என்பது உங்கள் கையில் இல்லை. அதனால்தான் பல மாநிலங்கள் விற்பவருக்கென்று தனியாக ஒரு கதவை வைத்திருக்கின்றன: விற்பனை அறிவிப்பு. "இந்தக் காரை இந்தத் தேதியில் இன்னாரிடம் விற்றுவிட்டேன், இதற்குமேல் நான் பொறுப்பில்லை" என்று நீங்களே டிஎம்விக்குச் சொல்வது. கலிபோர்னியாவில் விற்பவர் இதை 5 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், வாங்கியவர் 10 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். டெக்சாஸில் இரண்டுக்குமே 30 நாட்கள். இரண்டு மாநிலங்களிலும் இந்த அறிவிப்பை இணையத்திலேயே கட்டணமின்றிக் கொடுத்துவிடலாம். இதனால் டைட்டில் மாறாது, அது வாங்கியவர் போனால்தான் மாறும். ஆனால் விற்ற தேதி மாநிலத்தின் கணக்கில் ஏறிவிடும், அதற்குப் பிறகு நடப்பவற்றில் உங்களைக் காப்பது அந்தத் தேதிதான். கார் தெருமுனை திரும்புவதற்குள் போனை எடுத்து இதைச் செய்துவிடுங்கள் என்றுதான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன், நாளைக்கு என்று தள்ளினால் மறந்துவிடும்.

நம்பர் பிளேட்டும் இதோடு சேர்ந்த விஷயம். கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போய்விடும். நியூயார்க், நியூ ஜெர்சி, ஃபுளோரிடா, பென்சில்வேனியா போன்ற இடங்களில் பிளேட் உங்களுடையது, கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் பிளேட்டை ஒப்படைக்கும் முன் இன்ஷூரன்ஸை நிறுத்திவிட்டால் உங்கள் ரெஜிஸ்ட்ரேஷனுக்கே தடை வரும், அதனால் வரிசையைக் கவனியுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் டோல் டேகையும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆக, கையெழுத்து உரிமையை மாற்றுகிறது, பதிவை மாற்றுவதில்லை. பதிவை மாற்றுவது வாங்கியவர் வேலை. விற்றுவிட்டேன் என்று சொல்வது உங்கள் வேலை.

கையெழுத்து போடும் அந்தப் பத்து நிமிடம்

முதலில் பணம். வங்கிக் காசோலை என்றால் வாங்குபவரின் வங்கிக் கிளையிலேயே சந்தித்து, உங்கள் கண்முன் எடுத்துத் தரச் சொல்லுங்கள், போலிக் காசோலைகள் ஏராளம். பணம் உறுதியான பிறகுதான் பேனா.

பெயர் டைட்டிலில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே கையெழுத்து போடுங்கள். நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு: இனிஷியலும் அப்பா பெயரும் முன்பின்னாக மாறி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, லைசென்ஸில் ஒரு மாதிரி, டைட்டிலில் வேறு மாதிரி என்று இருக்கும். அந்த நேரத்தில் தாளில் இருப்பதுதான் கணக்கு.

கணவன் மனைவி இருவர் பெயரும் இருந்தால், இரண்டு பெயருக்கும் நடுவில் இருக்கும் சின்னச் சொல்லைப் பாருங்கள். பொதுவாக, "அண்ட்" என்று இருந்தால் இருவரும் போட வேண்டும், "ஆர்" என்று இருந்தால் ஒருவர் போதும். கலிபோர்னியாவில் சாய்கோடு மட்டும் இருந்தால் அதுவும் "அண்ட்" என்றே பொருள்.

நோட்டரி விஷயம் முழுக்க மாநிலத்தைப் பொறுத்தது. ஒஹையோ, வட கரோலினா, கென்டக்கி போன்ற மாநிலங்களில் விற்பவரின் கையெழுத்துக்கு நோட்டரியின் சான்று வேண்டும். கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் சாதாரண விற்பனைக்குத் தேவையில்லை. வேண்டிய மாநிலத்தில் இருந்தால் வீட்டிலேயே கையெழுத்து போட்டுவிட்டு நோட்டரியிடம் போகாதீர்கள், அவர் முன்னிலையில் போடுவதற்குத்தான் அவர் இருக்கிறார்.

ஓடோமீட்டர் எண்ணை எழுதும் கட்டம் கொஞ்சம் கனமானது, ஏனென்றால் இது மட்டும் மாநில விதி இல்லை, மத்தியச் சட்டம். ஓடிய மைல்களைக் குறைத்துக் காட்டி விற்கும் மோசடியைத் தடுக்க 1972இல் வந்த சட்டம் இதன் ஆரம்பம். முன்பு பத்து வருடம் தாண்டிய கார்களுக்கு இதிலிருந்து விலக்கு இருந்தது. இப்போது கார்கள் அதைவிட அதிக காலம் ஓடுகின்றன என்பதால், 2011 மாடலிலிருந்து 20 வருடம் என்று நீட்டிவிட்டார்கள், இது 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதனால் 2011 மாடல் காருக்கே விலக்கு 2031இல்தான் ஆரம்பிக்கும். 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு மத்தியச் சட்டப்படி தேவையில்லை. எழுதும்போது தசமத்தை விட்டுவிட்டு முழு மைலை எழுதுங்கள், குத்துமதிப்பாக அல்ல, காரில் ஏறி உட்கார்ந்து பார்த்து எழுதுங்கள். மீட்டர் பழுதாகி மாற்றியிருந்தால் அது உண்மையான மைல் இல்லை என்று குறிக்கத் தனிக் கட்டம் இருக்கும். தயங்காமல் அதைக் குறியுங்கள், மறைத்தால்தான் குற்றம்.

தப்பாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள், அழித்து எழுதாதீர்கள். திருத்தல் தெரிந்தாலே டிஎம்வி அந்தத் தாளை ஏற்க மறுக்கலாம், பிறகு டூப்ளிகேட் டைட்டில் வாங்கித்தான் விற்க வேண்டியிருக்கும். எந்த வரியில் யார் எழுத வேண்டும் என்று ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுப் பேனாவைத் தொடுங்கள். முடித்ததும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், வாங்கியவரின் பெயரும் முகவரியும் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

காலியாக விட்ட டைட்டில்

இப்போது அந்த மூன்றாவது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். விற்பவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயரைக் காலியாக விட்ட டைட்டிலுக்கு ஓப்பன் டைட்டில் என்று பெயர். கையெழுத்து போட்ட வெற்றுக் காசோலையைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "பெயரை நீங்களே எழுதிக்கோங்க" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

காலியாக ஏன் கேட்கிறார்கள்? உங்களிடம் வாங்குபவர் அதைத் தன் பெயரில் மாற்றாமல், வரியும் கட்டாமல், கார் விற்பதற்கான டீலர் லைசென்ஸும் இல்லாமல், அப்படியே லாபத்துக்கு அடுத்தவரிடம் தள்ளிவிடப் பார்க்கிறார். இதை டைட்டில் ஜம்ப்பிங் என்பார்கள், இது சட்டவிரோதம். பதிவேட்டைப் பார்த்தால் நடுவில் இருந்த ஆளே தெரியமாட்டார், நீங்கள் முகமே பார்க்காத ஒருவருக்கு நீங்களே நேராக விற்றதாக இருக்கும். மைல் கட்டமும் காலி என்றால், மீட்டரைக் குறைத்து அவர் எழுதும் எண்ணுக்குக் கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. கடைசியாக வாங்கி ஏமாந்த குடும்பம் தேடிக்கொண்டு வருவதும் உங்களைத்தான். நல்ல மனிதராகத் தெரிகிறார், அவசரம் என்கிறார், தம்பிக்காக வாங்குகிறேன் என்கிறார், எதுவானாலும் சரி, பெயர் எழுதாமல் தாளைக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் வாங்கும் பக்கம் இருந்தாலும் இதே விதிதான். டைட்டிலில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்கும் ஆளின் லைசென்ஸும் ஒத்துப்போகவில்லை, கையெழுத்து ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்புகிறவர்கள்

விசா முடிகிறது, விமானம் அடுத்த வாரம், கார் இன்னும் விற்கவில்லை. நம்மவர்களிடம் இது வெகு சகஜம். உடனே தோன்றும் வழி, டைட்டிலில் கையெழுத்து போட்டு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போவது. நண்பர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் அது ஓப்பன் டைட்டில்தான். அவர் யாரிடம் கொடுக்கிறாரோ அந்த ஆள் உங்களுக்கு நண்பர் இல்லையே.

இதற்குச் சரியான வழி பவர் ஆஃப் அட்டர்னி. உங்கள் சார்பில் கையெழுத்து போட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுப்பது, ஊரில் பவர் எழுதிக் கொடுப்பது என்கிறோமே, அதே. வாகனத்துக்கு மட்டுமான படிவத்தைப் பல மாநிலங்கள் தாங்களே வைத்திருக்கின்றன. உங்கள் மாநிலம் நோட்டரி கேட்குமானால் கிளம்பும் முன்பே அதை முடித்துவிடுங்கள். ஊருக்குப் போன பிறகு என்றால் அமெரிக்கத் தூதரகத்தில் நேரம் வாங்கி, ஒரு முத்திரைக்கு 50 டாலர் கட்டிச் செய்ய வேண்டிவரும். இன்னொன்று, மத்திய விதிப்படி ஓடோமீட்டர் அறிக்கையில் பொதுவாக ஒரே ஆள் விற்பவராகவும் வாங்குபவராகவும் கையெழுத்து போட முடியாது. அதனால் அந்த நண்பரே காரை எடுத்துக்கொள்வதாக இருந்தால் பவர் வேண்டாம், நீங்கள் இருக்கும்போதே அவர் பெயருக்கு நேராக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

மனைவியும் குழந்தைகளும் முதலில் கிளம்பி, நீங்கள் மட்டும் பின்னால் இருந்து எல்லாவற்றையும் விற்றுவிட்டு வருவதாகத் திட்டம் என்றால், அவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்பே டைட்டிலை வெளியே எடுத்து, இரண்டு பெயருக்கும் நடுவில் "அண்ட்" இருக்கிறதா, "ஆர்" இருக்கிறதா என்று பாருங்கள்.